கிணறு யாருடையது? கொங்கு மண்ணில் உழைப்பும் உடைமையும்

சரவணம்பட்டியில் ஞாயிற்றுக்கிழமைகளில் மாணவர்களோடு உட்கார்ந்து வாசிக்கிறோம். சில வாரங்களுக்கு முன்பு ஒரு கல்லூரி மாணவி கேட்டார்: "எங்க தாத்தாவும் அவங்க அப்பாவும் இந்தப் பக்கத்துலயே பொறந்து, இந்தக் காட்டுலயேதான் வேலை செஞ்சிருக்காங்க. அப்புறம் எப்படிங்கக்கா எங்களுக்கு ஒரு சென்ட் கூட இல்லை? இருந்து வித்துட்டாங்களா, இல்லை எப்பவுமே இல்லையா?"

நாங்கள் சட்டென்று "சாதிதான் காரணம்" என்றோம். அந்த மாணவி தலையாட்டினார். ஆனால் அவர் முகத்தில் திருப்தி இல்லை, எங்களுக்கும் இல்லை. சாதிதான் காரணம் என்பது உண்மை. ஆனால் சாதி எந்த வழியாக நிலத்தைத் தொட்டது? எந்தச் சட்டம், எந்தப் பதிவேடு, எந்தக் கருவி வழியாக நம் தாத்தாக்களின் கையிலிருந்து மண் நழுவியது? இதைச் சொல்லத் தெரியாதவரை நம் பேச்சு அவமானத்தைப் பற்றியதாகவே நின்றுவிடும். உடைமையைப் பற்றிப் பேச நமக்கு வரலாறு வேண்டும். அந்த மாணவிக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இங்கே எழுத முயல்கிறோம்.

காடு, தோட்டம்

கொங்கு நாடு ஒரு மேட்டு நிலம். கோயம்புத்தூர் கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடப்பதால் ஆண்டுக்கு 600, 700 மில்லிமீட்டர் மழை பெய்தாலே நல்ல வருடம். பவானி, நொய்யல், அமராவதி ஆற்றோரங்களை விட்டால் மீதியெல்லாம் வானம் பார்த்த பூமி.

நம் ஊர்ப்பக்கம் 'காடு' என்றால் மரங்கள் அடர்ந்த வனம் என்று பொருள் இல்லை. மழையை நம்பிச் சோளம், கம்பு, கொள்ளு விதைக்கும் நிலம்தான் காடு. அதே நிலத்தில் கிணறு வெட்டித் தண்ணீர் பாய்ச்சினால் அது 'தோட்டம்'. காட்டுக்கும் தோட்டத்துக்கும் இடையே உள்ள தூரம் ஒரு கிணற்றின் ஆழம்தான். தஞ்சாவூரில் ஆற்றுப்பாசன வயலை வைத்திருந்தவர் பெரிய மனிதர். கொங்கில் கிணற்றை வைத்திருந்தவர் பெரிய மனிதர். ஆகவே இங்கே நிலம் யாருடையது என்று கேட்பதற்கு முன், கிணறு யாருடையது என்று கேட்க வேண்டும்.

கிணற்றைப் பாறை உடைத்துத் தோண்டியவர்கள் பெரும்பாலும் ஒட்டர் சமூகத்தினர். தோண்டிய கிணற்றிலிருந்து தண்ணீரை மேலே கொண்டுவர மோட்டார் இல்லாத காலத்தில் கவலை ஏற்றம்தான் வழி. இரண்டு காளைகள் சரிவான பாதையில் இறங்கி இழுக்க, வடக்கயிற்றில் கட்டிய சால் நீரை மொண்டு மேலே வரும். சாலின் வாய்ப்பகுதி பிற்காலத்தில் இரும்பானது. ஆனால் நீரை வாய்க்காலில் ஊற்றும் வால் பகுதிக்குத் தோல்தான் வேண்டும். அந்தத் தோல் எங்கிருந்து வந்தது?

செத்த மாட்டைச் சுமந்துகொண்டு போய், தோலை உரித்து, ஆவாரம்பட்டை போட்டுப் பதப்படுத்தி, தண்ணீர் ஒழுகாமல் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர். கொங்கில் மாதாரி என்று அழைக்கப்பட்டவர்கள். சால் கிழிந்தால் அன்றைக்கு நீர் இறைக்க முடியாது. இரண்டு நாள் இறைக்காவிட்டால் கோடையில் பயிர் வாடிவிடும். அதாவது, காட்டைத் தோட்டமாக்கிய தொழில்நுட்பம் நம் வளவுகளில்தான் இருந்தது. இதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். நம்மை 'அசுத்தமான தொழில்' செய்தவர்கள் என்று சொல்லிச் சொல்லி, அந்தத் தொழில் இல்லாமல் கொங்கில் விவசாயமே இல்லை என்பதை நம்மிடமிருந்தே மறைத்துவிட்டார்கள்.

இந்தத் திறமைக்கு என்ன கிடைத்தது? ஒவ்வொரு பண்ணையத்துக்கும் பரம்பரையாக ஒரு மாதாரிக் குடும்பம் இருந்தது. அறுவடையில் ஒரு பங்கு தவசம். செருப்பு தைத்துக் கொடுக்க வேண்டும், சாவுக்குப் பறை அடிக்க வேண்டும். இதற்கு மேல் 'படியாள்' என்ற முறை. வருடக் கணக்கில் ஒரு தோட்டத்துக்குக் கட்டுப்பட்டு வேலை செய்வது. முன்பணம் வாங்கியிருப்பார், அது தீராது. அடுத்த வருடமும் அங்கேதான். சிறு பிள்ளைகள் ஆடு மேய்க்க அனுப்பப்பட்டார்கள். பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' நாவல் அப்படி ஒரு சிறுவனைப் பற்றியதுதான். 1960-களின் நடுவில் காங்கேயம் பக்கம் தங்கி ஆய்வு செய்த மானுடவியலாளர் பிரெண்டா பெக், 1972-இல் வெளியிட்ட நூலில் கொங்குச் சாதிகளின் ஒழுங்கை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். சமூகவியல் படிக்கும் மாணவர்கள் அதைத் தேடிப் படிக்க வேண்டும். நம் தாத்தாக்களின் காலம் அதில் இருக்கிறது.

பட்டா யார் பெயரில் வந்தது?

1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு கோயம்புத்தூர்ப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. பிறகு ரயத்துவாரி முறை நிலைபெற்றது. தாமஸ் மன்றோவின் பெயரோடு நாம் பள்ளியில் படித்த முறை அது. இடையில் ஜமீன்தார் இல்லாமல் அரசு நேரடியாக விவசாயியிடம் வரி வாங்கும், அவருக்குப் பட்டா கொடுக்கும். பாடப்புத்தகத்தில் இதை உழவருக்கு நன்மையானதாகவே படித்திருப்போம்.

ஆனால் 'உழவர்' என்று அரசு யாரை எழுதிக்கொண்டது? வரி கட்டக்கூடியவரை, மாடும் ஏரும் வைத்திருந்தவரை. அவருடைய காட்டில் ஏர் ஓட்டிய படியாளை எந்தப் பதிவேடும் எழுதவில்லை. அவர் வருடம் முழுவதும் அந்த மண்ணில் நின்றார். ஆனால் அரசின் கண்ணுக்கு அவர் நிலத்தோடு தொடர்பே இல்லாதவர். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சொந்தச் செலவில் கிணறு வெட்டியவருக்கு அதற்காகக் கூடுதல் வரி இல்லை என்ற கொள்கை வந்தது. நல்ல கொள்கைதான். அதனால் கொங்கில் கிணறுகள் பெருகின. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியா பருத்தி வந்தபோது தோட்டங்கள் பணம் காய்ச்சின. ஆனால் 'சொந்தச் செலவு' என்பதில் பணம் மட்டுமே கணக்கில் வந்தது. பாறை உடைத்த கைக்கும், சால் தைத்த கைக்கும் அந்தக் கிணற்றில் எந்தப் பங்கும் எழுதப்படவில்லை. தாகத்துக்கு அதே கிணற்றில் இறங்கித் தண்ணீர் எடுக்கக்கூட அனுமதி இல்லை. தோலால் தைத்த சால் கிணற்றுக்குள் இறங்கலாம், தைத்தவர் இறங்கக் கூடாது.

வேலை செய்தால் கூலி, உடைமை வேறு என்பது இயற்கை விதி போலவே நமக்குப் பழகிவிட்டது. அது அப்படி அல்ல என்று காட்ட ஒரு தூரத்து எடுத்துக்காட்டு. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் லாவ்ஜே என்ற மலைவாழ் மக்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் பல ஆண்டுகள் திரும்பத் திரும்பச் சென்று ஆய்வு செய்த தானியா லீ என்பவர் 2014-இல் ஒரு நூல் எழுதினார். அந்த மலைக் கிராமங்களில் பழைய வழக்கம் இது: பெருங்காட்டை முதலில் வெட்டித் திருத்தியவருக்கு அந்த நிலத்தில் உரிமை. அவருக்குப் பின் அவருடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் அதில் பயிர் செய்யலாம். வியர்வை சிந்திய கைதான் உரிமைக்கு ஆதாரம்.

1990-களில் அங்கே கொக்கோ பயிர் வந்தது. கொக்கோ வருடக்கணக்கில் நிற்கும் மரம். மரத்தை நட்டவர் அந்த நிலத்தைத் தனக்கென்று பிடித்துக்கொண்டார். பொதுவாக இருந்தது தனித்தனியானது. சிலர் கடனில் விற்றார்கள், சிலர் வாங்கிக் குவித்தார்கள். ஒரு தலைமுறைக்குள் நிலமற்றவர்கள் உருவானார்கள். வெளியிலிருந்து எந்தக் கம்பெனியும் வந்து அவர்களை விரட்டவில்லை.

இதிலிருந்து நமக்கு இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. ஒன்று, உழைப்பை உரிமையாக ஏற்றுக்கொண்ட சமூகங்கள் உலகத்தில் இருந்திருக்கின்றன. யாருடைய உழைப்பு உரிமையாகும், யாருடையது வெறும் கூலியாகும் என்பதை மனிதர்கள்தான் முடிவு செய்கிறார்கள். இரண்டு, லாவ்ஜே மக்களிடம் நிலமின்மை சந்தையால் வந்தது. கொங்கில் சந்தை வருவதற்கு முன்பே நம்மை வெளியே நிறுத்தியாகிவிட்டது. அவர்கள் இருந்ததை இழந்தார்கள். நம்மில் பெரும்பாலோர் பெயர் ஏட்டில் ஏறவே இல்லை. "வித்துட்டாங்களா, எப்பவுமே இல்லையா?" என்று அந்த மாணவி கேட்டாரே, அதற்கு முதல் பாதிப் பதில் இதுதான்.

ஏட்டில் ஏறிய ஒரு காலம்

மறுபாதி, ஏட்டில் ஏறிய பெயர்களின் கதை. 1891-இல் செங்கல்பட்டுப் பகுதி ஆட்சியராக இருந்த டிரெமன்ஹீர், பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். நிலம் கேட்டு மனுப்போட்டால் மிராசுதார்கள் தங்கள் முன்னுரிமையைக் காட்டித் தடுக்கிறார்கள், குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாததால் எதிர்த்துப் பேச முடியவில்லை என்று அதில் எடுத்துச் சொன்னார். 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட 1010, 1010ஏ அரசாணைகள் அதைத் தொடர்ந்தே வந்தன. அரசுத் தரிசு நிலங்களை ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கலாம் என்ற வழி பிறந்தது. பின்னாளில் அதற்குத் தெளிவான நிபந்தனைகள் சேர்ந்தன: பத்து ஆண்டுகளுக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது, அதற்குப் பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்க வேண்டும், மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இதைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். பழைய ஏடுகளில் டி.சி. நிலம் என்று இருக்கும். தமிழ்நாடு முழுவதும் 12 லட்சம் ஏக்கர் வரை இப்படிக் கொடுக்கப்பட்டது என்பது தலித் இயக்கங்கள் நெடுங்காலமாக முன்வைக்கும் கணக்கு.

இந்த அரசாணையை வெள்ளைக்காரன் கொடுத்த வரமாகச் சொல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு. கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். வரலாற்று ஆய்வாளர் ரூபா விஸ்வநாத், 2014-இல் வெளிவந்த தன் நூலில், டிரெமன்ஹீரின் யோசனைகளை மேலிருந்த அதிகாரிகளே எப்படி நீர்த்துப்போகச் செய்தார்கள் என்று காட்டுகிறார். வரி கட்டும் நிலவுடைமையாளர்களைப் பகைத்துக்கொள்ள அரசுக்கு மனமில்லை. ஆகவே கிடைத்த நிலம் அரசின் கருணையால் மட்டும் கிடைத்ததல்ல. அயோத்திதாசர், இரட்டைமலை சீனிவாசன், எம்.சி. ராஜா, அருந்ததியர் சமூகத்திலிருந்து சென்னை சட்டமன்றத்துக்குப் போன எல்.சி. குருசாமி என்று பலர் பத்திரிகையிலும் சபையிலும் விடாமல் பேசிய காலம் அது.

கொடுத்த நிலம் ஏன் கையில் நிற்கவில்லை? குடித்தே அழித்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். நம் பிள்ளைகளில் சிலரும் அதை நம்புகிறார்கள். கொங்கை வைத்து யோசித்துப் பாருங்கள். கொடுத்தது தரிசுக் காடு. கிணறு இல்லை. கிணறு வெட்டப் பணம் இல்லை, கவலை ஓட்டக் காளை இல்லை. மழை பொய்த்த வருடம் விதைக்குக் கடன் வாங்க வேண்டும். கடன் கொடுப்பவர் யார்? பக்கத்துத் தோட்டக்காரர். கடனுக்கு ஈடாகக் காட்டை 'உழுதுக்கிறேன்' என்பார். வெள்ளைத்தாளில் ஒரு கைநாட்டு. இரண்டு தலைமுறை போனால் அந்தக் காடு அவருடைய தோட்டத்தின் ஒரு மூலையாகிவிடும். நீர் இல்லாமல் கொடுத்த நிலம் பாதி கொடுத்த நிலம்தான்.

பிறகு காகிதமும் மாறியது. 1979 முதல் 1987 வரை தமிழ்நாட்டில் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. யூ.டி.ஆர். என்று வருவாய்த் துறையில் சொல்வார்கள். அனுபவத்தில் இருப்பவர்களின் பெயரைக் கொண்டு ஏடுகள் புதுப்பிக்கப்பட்டன. பல ஊர்களில் டி.சி. நிலம் என்ற பழைய குறிப்பு புது ஏட்டுக்கு வராமலே போய்விட்டது என்பது நிலமீட்பு இயக்கங்களின் முக்கியமான குற்றச்சாட்டு. நிபந்தனை ஏட்டில் இல்லையென்றால், பத்திரம் பதிபவருக்கும் வங்கிக்கும் அது சாதாரணப் பட்டா நிலம்.

1994 அக்டோபர் 10 அன்று, செங்கல்பட்டு மாவட்டம் காரணை கிராமத்தின் பஞ்சமி நிலங்களை மீட்கக் கோரி நடந்த போராட்டத்தில் காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்கள் உயிரிழந்தார்கள். நூறு ஆண்டுக்கு முன் அரசே கொடுத்த நிலத்தை அரசிடமே கேட்டதற்கு அந்த விலை. 2019-இல் 'அசுரன்' படம் வந்த பிறகு பஞ்சமி என்ற சொல் எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் நம் கொங்கில் இந்தப் பேச்சு இன்னும் போதுமான அளவு எழவில்லை. பஞ்சமி என்றால் வடமாவட்டத்துப் பிரச்சினை என்றே பலர் நினைக்கிறார்கள்.

மின்சாரம் வந்தது, சால் போனது

இனி கொங்குக்கே உரிய ஒரு திருப்பம். 1930-களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைக்காரா மின்நிலையத்திலிருந்து கோயம்புத்தூருக்கு மின்சாரம் வந்தது. பஞ்சாலைகள் பெருகின. 1937-இல் பீளமேட்டில் உள்நாட்டிலேயே மின்மோட்டார் தயாரானது. அடுத்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் கவலை ஏற்றம் ஒவ்வொன்றாக நின்று, பம்புசெட் ஓட ஆரம்பித்தது. கோயம்புத்தூர் வரலாற்றில் இது பெருமையான அத்தியாயம். ஜி.டி. நாயுடுவை நாம் எல்லாரும் மதிக்கிறோம்.

இதே வரலாற்றை வளவிலிருந்து பாருங்கள். பம்புசெட்டுக்குத் தோல் வால் வேண்டாம். நம் கையில் இருந்த ஒரே தொழில்நுட்பத்துக்கு ஊரில் தேவை இல்லாமல் போனது. அறுவடையில் கிடைத்த தவசப் பங்கும் நின்றது. படியாள் முறை மெல்லத் தளர்ந்தது. அந்த அளவில் அது விடுதலைதான். 1976-இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் வந்தது. ஆனால் கட்டு அவிழ்ந்து வெளியே வந்தவர்கள் கையில் கூலி வேலை தவிர வேறொன்றும் இல்லை.

1970-களில் மின்கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் கொங்கு விவசாயிகள் பெரும் போராட்டம் நடத்தினார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. அந்தத் தியாகத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. விவசாயப் பம்புசெட்டுகளுக்கு இன்றைக்கு இருக்கும் இலவச மின்சாரம் அந்தப் போராட்டங்களின் தொடர்ச்சி. ஆனால் அந்தச் சலுகை யாருக்குப் போய்ச் சேரும்? பம்புசெட் இருப்பவருக்கு. பம்புசெட் யாரிடம் இருக்கும்? கிணறு இருப்பவரிடம். கிணறு யாரிடம்? பட்டா இருப்பவரிடம். இரண்டு நூற்றாண்டுக்கு முன் எழுதப்பட்ட ஒரு பெயர் இன்றைய மானியத்தையும் முடிவு செய்கிறது. பம்புசெட்டால் தொழிலை இழந்த தோல் தொழிலாளிக்கு எந்த இழப்பீடும் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று நமக்கே தோன்றவில்லை.

இடையில் நிலச்சீர்திருத்தச் சட்டங்கள் வந்தன. 1961-இல் உச்சவரம்பு 30 தர ஏக்கர், 1970-இல் அது 15 ஆனது. மேட்டு நிலத்தில் ஒரு தர ஏக்கர் என்பது பல சாதாரண ஏக்கருக்குச் சமம். கொங்கில் பெரும்பாலும் நடுத்தரத் தோட்டங்கள்தான். ஆகவே உச்சவரம்பு இங்கே பெரிதாக எதையும் அசைக்கவில்லை. 1971-இல் வந்த குடியிருப்புச் சட்டம் விவசாயத் தொழிலாளி குடியிருக்கும் மனையை அவருக்கே சொந்தமாக்கியது. நல்ல சட்டம். 1978-இல் ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்காக நிலம் கையகப்படுத்தும் சட்டமும் வந்தது. இவற்றால் வளவுகள் காலனிகளாயின, மூன்று சென்ட் மனைப் பட்டாக்கள் கிடைத்தன. ஆனால் கவனியுங்கள்: குடியிருக்க இடம் கிடைத்தது, பயிர் செய்ய நிலம் கிடைக்கவில்லை. பல குடும்பங்களிடம் பட்டா காகிதம் இருக்கிறது, அளந்து காட்டிய இடம் இல்லை.

நகரம் வளவைத் தேடி வந்தபோது

சரவணம்பட்டி 2011-இல் கோயம்புத்தூர் மாநகராட்சியோடு இணைந்தது. சத்தி ரோட்டில் இன்று நின்று பார்த்தால் ஐ.டி. வளாகங்கள், கல்லூரிகள், அடுக்குமாடிகள். சோளக்காடாக இருந்த இடங்கள் சென்ட் கணக்கில் விற்பனையாகின்றன. காட்டை வைத்திருந்தவர்களில் பலர் விற்றார்கள், சிலர் வாடகைக்குக் கட்டினார்கள். சிறு விவசாயிகள் கடனில் இழந்ததும் உண்டு. எல்லாக் கவுண்டரும் நாயுடுவும் கோடீஸ்வரர் ஆகிவிடவில்லை, அது நமக்குத் தெரியும். ஆனால் விற்பதற்கு ஏதாவது இருந்தவர்களின் கதை அது. நம் வீடுகளிலிருந்து அதே வளாகங்களுக்குத் துப்புரவுக்கும், காவலுக்கும், கட்டட வேலைக்கும் போகிறார்கள். இப்போது சில பிள்ளைகள் கணினி முன் உட்காரவும் போகிறார்கள். அது நமக்குப் பெருமை. 2009-இல் கிடைத்த 3 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் சம்பளம் ஒரு தலைமுறையோடு போகும். நிலம் அடுத்த தலைமுறைக்குப் போகும். வேலைக்கு நேர்காணலில் ஒரே வரிசையில் நிற்கும் இரண்டு மாணவர்களில் ஒருவருக்குப் பின்னால் தோட்டம் விற்ற பணம் இருக்கிறது, இன்னொருவருக்குப் பின்னால் கல்விக்கடன் இருக்கிறது.

உடைமை இல்லாதது வெறும் வறுமைப் பிரச்சினை என்று இன்னும் நினைப்பவர்கள் மேட்டுப்பாளையம் அருகே நடூரை நினைத்துப் பாருங்கள். 2019 டிசம்பர் 2 அதிகாலை. இரவெல்லாம் மழை. பக்கத்து வீட்டு வளாகத்தைச் சுற்றி எழுப்பியிருந்த உயரமான சுற்றுச்சுவர் இடிந்து, கீழே இருந்த அருந்ததியர் குடியிருப்பின் ஓட்டு வீடுகள் மேல் விழுந்தது. தூக்கத்திலேயே 17 பேர் போனார்கள். பெண்கள், குழந்தைகள். சுவர் ஆபத்தாக இருக்கிறது என்று முன்பே சொல்லியிருந்தோம் என்றார்கள் அந்த மக்கள். நீதி கேட்டுத் திரண்டவர்கள் மேல் தடியடி நடந்தது, கைது நடந்தது.

அதைத் தீண்டாமைச் சுவர் என்று நம் இயக்கங்கள் சொன்னபோது, அது தனியார் சொத்தைச் சுற்றிய மதில்தானே என்று எதிர்த்து வாதாடினார்கள். நாங்கள் அந்த வாதத்தை வேறு விதமாகப் பார்க்கிறோம். ஒரு பக்கம் மேட்டில் விருப்பம்போல் உயர்த்திக் கட்டும் அளவுக்கு இடம். மறுபக்கம் பள்ளத்தில், சுவரிலிருந்து நாலு அடி தள்ளி வீட்டைக் கட்டிக்கொள்ளக்கூட இடமில்லாத குடும்பங்கள். யார் மேட்டில், யார் பள்ளத்தில் என்பதை அந்த இரவு முடிவு செய்யவில்லை. இந்தக் கட்டுரையில் நாம் பார்த்த இருநூறு ஆண்டு வரலாறுதான் முடிவு செய்தது. உயிரும் உடைமையும் என்று சேர்த்துச் சொல்வது நம் மொழி வழக்கு. நடூரில் உடைமை இல்லாததால் உயிர் போனது.

நாம் செய்யக்கூடியது

அம்பேத்கர் 1928-இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகர் வதன் முறைக்கு எதிராக மசோதா கொண்டுவந்தார். ஊர் ஊழியத்துக்கு ஈடாகக் கொடுத்த நிலம், மக்களை ஊழியத்திலேயே கட்டிவைக்கிறது என்பது அவர் வாதம். 1947-இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற ஆவணத்தில், விவசாய நிலத்தை அரசுடைமையாக்கிச் சாதி, மத வேறுபாடில்லாமல் கூட்டாகப் பயிரிடக் கொடுக்க வேண்டும் என்று எழுதினார். மூன்று சென்ட் மனையோடு நிறைவடைந்த கனவு அல்ல அவருடையது. தமிழ்நாட்டில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். ஐந்தில் ஒரு பங்கு நிலம் நம்மிடம் இருக்கிறதா என்று கேட்க நாம் தயங்க வேண்டியதில்லை.

கேட்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டும். மாணவத் தோழர்களுக்கு நாங்கள் சொல்வது இதைத்தான்.

முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் உட்காருங்கள். எந்தக் காட்டில் வேலை செய்தார்கள், 'நம்ம காடு' என்று எதையாவது சொன்னார்களா, யார் உழுதுகொண்டார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அப்பச்சியும் அம்மாயியும் சொல்லும் இடப்பெயர்கள் எந்த ஏட்டிலும் இருக்காது.

பிறகு அந்த இடத்தின் புல எண்ணைக் கண்டுபிடியுங்கள். இன்றைய பட்டாவையும் அ-பதிவேட்டையும் பாருங்கள். அதோடு நிற்காமல் யூ.டி.ஆருக்கு முந்தைய அ-பதிவேட்டையும், பழைய நிலவரித்திட்ட ஏடுகளையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பழைய ஏட்டில் டி.சி. என்றோ நிபந்தனை ஒப்படை என்றோ இருந்து, புது ஏட்டில் அது இல்லாவிட்டால் அங்கேதான் நம் கேள்வி தொடங்குகிறது. பதிவு அலுவலகத்தின் வில்லங்கச் சான்று, யாரிடமிருந்து யாருக்கு எப்போது கைமாறியது என்று காட்டும்.

நம் மக்களுக்கு ஒதுக்கிய நிலத்தைச் சட்டவிரோதமாக ஆக்கிரமிப்பதும், அதிலிருந்து வெளியேற்றுவதும் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவில் குற்றங்கள். அடித்தால் மட்டும்தான் வன்கொடுமை என்று நினைக்கிறோம். நிலத்தை எடுத்துக்கொள்வதும் வன்கொடுமைதான் என்று சட்டமே சொல்கிறது. தனியாகப் போய் யாரையும் எதிர்க்க வேண்டாம். ஆவணங்களோடு ஊராக, அமைப்பாகப் போங்கள்.

அந்த மாணவியிடம் அடுத்த ஞாயிறு இவ்வளவையும் சொன்னோம். முழுப் பதில் அல்ல இது. அவருடைய குடும்பத்துக்குக் காடு எப்போதுமே இல்லையா, இருந்து போனதா என்பதை அவர் ஊர் ஏடுதான் சொல்ல முடியும். வீட்டில் கேட்டுவிட்டு வந்திருந்தார். தாத்தா ஒரு காட்டின் பெயரைச் சொன்னாராம். புல எண் தெரியவில்லை. தாலுகா அலுவலகத்துக்கு மனு எழுத உட்கார்ந்திருக்கிறோம். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு காட்டின் பெயர் இருந்தால் குறித்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்து எழுதுவோம்.